சிவப்பு காரும் சென்னை வெயிலும்

இன்னிக்கு எபிசோட் ஒரு ஒப்புதல் வாக்குமூலத்தோட ஆரம்பிக்குது.

எங்க வீட்ல ஒரு சிவப்பு ஹேட்ச்பேக் இருக்கு. அப்பா ஆசைப்பட்டு வாங்கினது. அபார்ட்மென்ட்ல மூடின பார்க்கிங் கிடைக்கல. அதனால ஏழு வருஷமா வெட்டவெளியிலதான் நிக்குது. கதவெல்லாம் இன்னும் பளபளன்னு இருக்கு. ஆனா கூரை முதல்ல மங்குச்சு, அப்புறம் வெள்ளைத் திட்டு விழுந்துச்சு, இப்போ வெயில்ல வெந்த தோல் மாதிரி உரியுது. பட்டறைக்கு எடுத்துட்டுப் போனேன். பெயின்டர் அண்ணன் விரலால தடவிப் பார்த்துட்டு, "தம்பி, இதை எத்தனை தடவை பாலிஷ் போட்டீங்க?"ன்னு கேட்டார். "மாசாமாசம் ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்ப்பேன் அண்ணா"ன்னு பெருமையா சொன்னேன். அவர் சிரிச்சுட்டு, "அப்போ வெயில் பாதி, நீங்க பாதி"ன்னார்.

அந்த ஒரு வரியைத்தான் இன்னிக்கு விளக்கப் போறேன். முதல் கார் எடுக்கப் போறவங்க, இஎம்ஐ ஓடிட்டு இருக்கிறவங்க, கொஞ்சம் கவனமா கேளுங்க.

முதல் கேள்வி: சிவப்பு மட்டும் ஏன் சீக்கிரம் வெளுக்குது? ஒரு பொருள் நமக்குச் சிவப்பா தெரியுதுன்னா, அது சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிட்டு, நீலத்தையும் பச்சையையும் தனக்குள்ள வாங்கிக்குதுன்னு அர்த்தம். சிவப்பைவிட நீல ஒளிக்கு ஆற்றல் அதிகம். அதுக்கும் மேல புற ஊதாக் கதிர். இந்த ஆற்றலெல்லாம் சேர்ந்து நிறமியோட மூலக்கூறுகளைக் கொஞ்சம் கொஞ்சமா உடைக்குது. மூலக்கூறு உடைஞ்சா நிறமும் போச்சு.

"எங்க பாட்டி வீட்டு ரெட் ஆக்ஸைடு தரை அப்படியே இருக்கே?"ன்னு நீங்க கேட்கலாம். சரியான கேள்வி. அது இரும்பு ஆக்ஸைடு, வெயிலுக்கு அசையாது. ஆனா அந்த நிறம் செங்கல் சிவப்பு. கார்ல நாம கேட்கிற அந்தப் பளிச் சிவப்பு வேணும்னா கார்பன் அடிப்படையிலான கரிம நிறமிகள் வேணும். அதுல நல்ல தரமானது ரொம்ப நாள் தாங்கும், ஆனா எதுவும் இரும்பு ஆக்ஸைடு மாதிரி ஆகாது. கறுப்பு கார் எல்லா ஒளியையும் உறிஞ்சினாலும் வெளுக்காம நிக்கிறதுக்குக் காரணம், அதுல இருக்கிற கரித்தூள் நிறமி அவ்வளவு உறுதியானது.

அப்போ சிவப்பை யார் காப்பாத்துறாங்க? மேல இருக்கிற கிளியர் கோட். இன்னிக்கு வர்ற பெரும்பாலான கார்கள்ல நிறத்துக்கு மேல கண்ணாடி மாதிரி ஒரு நிறமில்லாத பூச்சு இருக்கும். தடிமன் சுமார் 40 மைக்ரான், அதாவது தலைமுடியைவிட மெல்லிசு. புற ஊதாக் கதிரை உறிஞ்சுற வேதிப்பொருளை அதுலதான் கலந்திருப்பாங்க. நான் மாசாமாசம் காம்பவுண்ட் போட்டுத் தேய்ச்சது இந்தப் பூச்சைத்தான். காம்பவுண்ட்னா நைசான உப்புத்தாள் மாதிரின்னு வெச்சுக்கோங்க. ஒவ்வொரு தடவையும் பளபளப்பு வரும், ஆனா கவசம் கொஞ்சம் கரையும். கரைஞ்சது திரும்ப வளராது.

பழைய கார்கள்ல கிளியர் கோட் இல்லாம நிறம் மட்டுமே இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில வெள்ளைத் துணியில கொஞ்சம் பாலிஷ் எடுத்துத் தேய்ச்சுப் பாருங்க. துணியில சிவப்பு ஒட்டினா அந்த வகை. அதுல மேல மங்கின அடுக்கை பாலிஷ் எடுத்துடும், கீழ இருக்கிற நிறம் மீண்டு வரும். ஆனா அதுவும் எண்ணி எண்ணிச் செலவு பண்ண வேண்டிய சொத்துதான்.

சரி, என்ன செய்யலாம்? முக்கியத்துவ வரிசையில சொல்றேன்.

ஒண்ணு, நிழல். இதுக்கு ஈடு எதுவும் கிடையாது. சென்னையில ஏப்ரல் கடைசியிலயும் ஆகஸ்ட் நடுவிலயும் மத்தியான சூரியன் நேர் உச்சியில நிக்கும். அதனாலதான் கூரையும் பானெட்டும் முதல்ல போகுது, கதவு தப்பிக்குது. நாள் முழுக்க நிழல் கிடைக்கலைன்னா பத்து மணியிலிருந்து மூணு மணி வரைக்குமாவது பாருங்க. மரத்தடி நல்லதுதான், ஆனா பறவை எச்சத்தை அன்னன்னிக்கே எடுக்கணும். தண்ணி ஊத்தி ஊற வெச்சு எடுங்க, சுரண்டாதீங்க.

கார் கவர் போடலாம். ஆனா தூசியோட இருக்கிற கார் மேல போட்டா, காத்துல கவர் ஆடி ஆடித் தேய்க்கும். கழுவித் துடைச்ச பிறகு போடுங்க.

ரெண்டு, கழுவுற விதம். காலையில ஒரே பக்கெட், ஒரே துணியோட பத்து காரைத் துடைக்கிறாங்க பாருங்க, அந்தத் துணியில இருக்கிற மண்ணு போதும் கீறல் விழ. உங்க காருக்குன்னு தனி மைக்ரோஃபைபர் துணி வாங்கிக் கொடுங்க. பாத்திரம் கழுவுற சோப்பு வேண்டாம், அது வேக்ஸையும் சேர்த்துக் கழுவிடும். கார் ஷாம்பு போதும். போர்வெல் தண்ணியை வெயில்ல காய விட்டா உப்புத் திட்டு விழும், உடனே துடைங்க.

மூணு, வேக்ஸ். சாதாரண வேக்ஸ் நம்ம வெயில்ல ஓரிரு மாசம் நிக்கும், சீலன்ட் அதைவிட அதிகம், செராமிக் கோட்டிங் இன்னும் அதிகம். ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கோங்க. இது எதுவும் குடை இல்ல. அழுக்கும் எச்சமும் கிளியர் கோட்டைத் தொடாம பார்த்துக்கிறதுதான் முக்கியமான வேலை. "செராமிக் போட்டுட்டேன், இனி வெயில்ல நிறுத்தலாம்"னு நினைச்சா பணமும் போகும், பெயின்ட்டும் போகும். தண்ணி தெளிச்சுப் பாருங்க. முத்து முத்தா உருண்டா வேக்ஸ் இருக்கு. பரவி நின்னா மறுபடி போடுற நேரம்.

நாலு, பாலிஷ். மங்கல் கண்ணுக்குத் தெரியும்போது மட்டும், அதுவும் மென்மையான வகை. கிளியர் கோட் உரிய ஆரம்பிச்சுட்டா எந்த டப்பாவும் காப்பாத்தாது. தேய்ச்சு எடுத்து, நிறம் அடிச்சு, மேல புதுசா கிளியர் கோட் அடிக்கணும். அதுதான் ஒரே வழி.

எங்க காருக்கும் அதுதான் நடக்கப் போகுது. கூரைக்கு மட்டும் பெயின்ட். புது நிறம் ஏழு வருஷம் வெயில் தின்ன கதவோட அப்படியே ஒத்துப் போகாதுன்னு பெயின்டர் அண்ணன் முன்கூட்டியே சொல்லிட்டார். அப்பாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன், என் காம்பவுண்ட் கதை உட்பட. கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம், "பரவால்ல விடு, கார் மேல அக்கறையிலதானே தேய்ச்ச. இனிமே கொஞ்சம் கம்மியா அக்கறை காட்டு"ன்னார்.

இந்த வாரம் உங்க கார் கூரையை ஒரு தடவை தொட்டுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.