மீன் போட்ட கிண்ணத்தில் புளிக்குழம்பு ஊற்றலாமா?



பாண்டிச்சேரி போனால் மீன், நண்டு, ஆக்டோபஸ் போட்ட கைவேலைப் பீங்கான் வாங்குகிறோம். ஷோகேசில் வைத்துப் பூட்டிவிடுகிறோம். அது புழங்கச் செய்த பொருள். 1971-ல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் அங்கே தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி பெயர் வாங்கியதே தட்டு, கோப்பைகளால்தான். ஸ்டோன்வேர் என்பார்கள். 1200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுட்டால் களிமண் கல்லாக இறுகும். நம் மீன்குழம்புச் சட்டி அவ்வளவு சூடு காணாதது, தண்ணீர் உறிஞ்சும்.

கடல் உருவமும் புதிதல்ல. கிரீட் தீவில் சுமார் 3500 ஆண்டுகளுக்கு முன் செய்த குடுவையில், ஆக்டோபஸ் தன் கைகளால் குடுவையையே வளைத்துப் பிடித்திருக்கும். வரைந்ததுதான், எதுவும் துருத்தாது. வால் நீட்டிய மீன் கைப்பிடி அழகுதான்; சிங்கில் முதலில் உடைவதும் அதுவே!

வாங்கும்போது கட்டாயம் கேளுங்கள்: பளபளப்புப் பூச்சில் ஈயம் இருக்கிறதா? இருந்தால் புளி, எலுமிச்சை அதைக் கரைத்து உணவில் இறக்கும். குழந்தைகளுக்குத்தான் பாதிப்பு அதிகம். கடைக்காரர் மழுப்பினால் அந்தக் கிண்ணத்தில் ஊறுகாய் வேண்டாம், வண்டிச் சாவி போட்டு வையுங்கள்.