நிற்பவர்களின் கால்வலி

ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் இமாம் அவர்கள் ஆற்றிய உரை



மருத்துவ உதவி கோரி நம் ஜமாஅத்திற்கு வரும் மனுக்களைப் பார்க்கும்போது இருதயம், சிறுநீரகம், பிரசவம், கண் என்று பலவும் இருக்கின்றன. கால்வலி என்று எழுதி ஒருவரும் மனுக் கொடுப்பதில்லை. கால்வலி இல்லாததால் அன்று. அதை ஒரு நோயாக எண்ணாததால். ஆகவே இன்று அதைப் பற்றியே சில செய்திகளைச் சொல்ல நாடுகிறேன்.

நம் ஊர் நின்று பிழைக்கும் ஊர். ஒப்பணக்கார வீதி ஜவுளிக்கடைகளில் துணி எடுத்துப் போடும் பிள்ளைகள், இறைச்சிக் கடைக்காரர்கள், பிரியாணி மாஸ்டர்கள், பவுண்டரித் தொழிலாளர்கள், நூற்பாலைகளில் ரிங் பிரேமுக்கும் ரிங் பிரேமுக்கும் இடையே நாள் முழுதும் நடக்கும் பெண்கள், அடுப்படியைவிட்டு நகராத நம் வீட்டுப் பெண்கள் ஆகிய அனைவரும் கால்களை நம்பியே வாழ்கின்றனர். பத்து, பதினைந்து ஆண்டுகள் சென்றபின் முழங்காலுக்குக் கீழே நீல நிறத்தில் நரம்பு புடைத்துச் சுருண்டு நிற்கிறது. மாலையானால் கால் கனக்கிறது, கணுக்கால் வீங்குகிறது, இரவில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது. மக்கள் இதை நரம்புச் சுருட்டல் என்கின்றனர். மருத்துவர்கள் வெரிகோஸ் வெயின் என்கின்றனர்.

உண்மையில் அது நரம்பன்று; இரத்தத்தை இருதயத்திற்குத் திரும்பக் கொண்டுசெல்லும் குழாய். கீழிருந்து மேலே ஏறும் இரத்தம் மீண்டும் கீழிறங்காதவாறு அக்குழாயினுள் சிறு சிறு கதவுகளை அல்லாஹ் அமைத்துள்ளான். கெண்டைக்கால் தசை சுருங்கும்போதெல்லாம் இரத்தம் மேலே தள்ளப்படுகிறது. அசையாமல் மணிக்கணக்கில் நிற்பவருக்கு அந்தத் தசை வேலை செய்வதில்லை. நாளடைவில் கதவுகள் தளர்ந்துபோக, இரத்தம் காலிலேயே தேங்குகிறது. பெற்றோருக்கு இந்நோய் இருந்தால் பிள்ளைகளுக்கும் வரக்கூடும். பல பிரசவங்களும் உடல் பருமனும் அதற்குத் துணை செய்கின்றன. கவனியாது விட்டால் கணுக்காலைச் சுற்றித் தோல் கறுத்து, அரிப்பெடுத்து, கடைசியில் ஆறாத புண்ணாகிவிடுகிறது.

இப்புண்ணை மறைத்து வைத்திருக்கும் தாய்மார்கள் நம்மிடையே இருக்கின்றனர். நோயாளிகளை நலம் விசாரிக்கச் செல்லும் வீடுகளில் பழந்துணி சுற்றிய கால்களைப் பலமுறை கண்டிருக்கிறேன். விசாரித்தால், ஆண் மருத்துவரிடம் காலைக் காட்டுவதெப்படி என்பதே பெரும்பாலும் பதிலாக இருக்கும். இவ்விஷயத்தில் மார்க்கத்தில் நெருக்கடி ஏதுமில்லை. பெண் மருத்துவர் இருந்தால் அவரிடமே செல்லலாம். இல்லாதபோது, உடன் ஒருவர் இருக்க, நோயுள்ள பகுதியை மட்டும் தேவையான அளவிற்கு ஆண் மருத்துவரிடம் காட்டுவது ஆகும் என்றே ஃபுகஹாக்கள் எழுதியுள்ளனர். ஹயா என்பது ஈமானைச் சேர்ந்தது, ஐயமில்லை. ஆயினும் புண்ணைச் சீழ் பிடிக்க விடுவதற்கு ஹயா என்று பெயரன்று.

எங்கே செல்வது? பலரும் முதலில் மருந்துக் கடைக்குச் சென்று வலி மாத்திரை வாங்குகின்றனர். டைக்ளோபினாக் போன்ற மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண்ணும் சிறுநீரகத்தில் கேடும் வரக்கூடும். தேங்கிய இரத்தமோ தேங்கியபடியே இருக்கும். முதலில் நம் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். அங்கிருந்து திருச்சி சாலையிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்கு எழுதித் தருவார்கள். ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்களுக்கும் அவர்களின் குடும்பத்தாருக்கும் சிங்காநல்லூர் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. 2017 ஜனவரியில் ஈ.எஸ்.ஐ. ஊதிய வரம்பு 21,000 ரூபாயாக உயர்த்தப்பட்டதால் கடைப் பணியாளர்கள் பலரும் அதற்குள் வருவர். ஆயினும் சம்பளச் சீட்டில் பிடித்தம் உண்டா என்று பார்ப்போர் சிலரே.

மருத்துவர் டாப்ளர் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, அறுவை வேண்டுமா, காலுறை போதுமா என்று முடிவு செய்வார். அறுவை வேண்டுமென்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு உரியது அது. அத்திட்டம் முதன்மையாக உள்நோயாளிகளுக்கானது என்பதால், காலுறைக்கு அந்த அட்டையை நம்பியிருக்க வேண்டாம். காலுறையை மருத்துவரிடமே கேளுங்கள். எந்த அளவு, எவ்வளவு அழுத்தம், முழங்கால் வரையா தொடை வரையா என்பதைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். மருத்துவமனையில் கிடைத்தால் நன்று. வெளியே வாங்க நேரிட்டாலும் கையில் சீட்டிருந்தால் கடைக்காரர் தந்ததை வாங்கி ஏமாற வேண்டியதில்லை.

இந்தக் காலுறையை ஸ்டாக்கிங்ஸ் என்பார்கள். சாதாரணக் காலுறைபோல் தோன்றினாலும் கணுக்காலில் மிகுதியாக அழுத்தி, மேலே செல்லச் செல்ல அழுத்தம் குறையுமாறு நெய்யப்பட்டது. பெட்டியின்மேல் 20–30, 30–40 என்று போட்டிருப்பது அழுத்தத்தின் அளவு, காலின் அளவன்று. வீக்கம் இல்லாத காலை நேரத்தில் கணுக்காலையும் கெண்டைக்காலையும் நாடாவால் அளந்தே வாங்க வேண்டும். அண்டை வீட்டுக்காரர் அணிந்து நலம் பெற்றார் என்று அவருடையதை வாங்கி அணிவது, அவருடைய கண்ணாடியை நாம் மாட்டிக்கொள்வது போன்றதே. மேல் விளிம்பை மடித்துவிடலாகாது. மடித்த இடம் கயிறு கட்டியதுபோல் இறுக்கும். இரவில் கழற்றிவிட வேண்டும். சில மாதங்களில் இழுவிசை தளர்ந்துவிடும். அதன்பின் அணிந்து பயனில்லை. நோயை அது அடியோடு நீக்காது. வலியையும் வீக்கத்தையும் குறைக்கும், ஆறிய புண் மீண்டும் வராமல் காக்கும். மார்பக அறுவைக்குப் பின் கை வீங்கும் தாய்மார்களுக்கும் இதேபோன்ற கையுறை உண்டு. அவர்களும் மருத்துவரைக் கேட்கலாம்.

ஓர் எச்சரிக்கை. சர்க்கரை நோயாளிகளும் நெடுநாள் புகைத்தவர்களும் மருத்துவர் சொல்லாமல் இதை அணியவே கூடாது. காலுக்குள் வரும் இரத்தமே குறைவாயிருக்கும்போது மேலும் இறுக்கினால் கால் அழுகும் நிலை வரலாம். கையிலும் கணுக்காலிலும் இரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிட்டுப் பார்த்தே மருத்துவர் அனுமதிப்பார். திடீரென்று ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் காலுறையைத் தேடாதீர்கள். அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். உள்ளே இரத்தம் உறைந்திருக்கக்கூடும்.

இனி, ஒளுவைப் பற்றி. மெல்லிய துணிக் காலுறையின்மேல் மஸஹு செய்வது நம் மத்ஹபுகளில் கூடாது. கழற்றிக் கால்களைக் கழுவியே ஆக வேண்டும். சுப்ஹு தொழுதபின் பதினைந்து நிமிடங்கள் கால்களை உயர்த்தி வைத்துப் படுத்திருந்து, வீக்கம் வடிந்ததும் அணிந்துகொள்ளுங்கள். லுஹருக்குக் கழற்றி ஒளுச் செய்தபின் மீண்டும் சிறிது நேரம் காலை உயர்த்திவிட்டு அணியலாம். இயன்றால் அந்த ஒளுவை அஸர் வரை காத்துக்கொள்ளலாம். புண்ணுக்குப் பல அடுக்காகச் சுற்றி, ஒரு வாரம் பிரிக்கக்கூடாது என்று மருத்துவர் கட்டிய கட்டின் சட்டம் வேறு. முறிந்த எலும்புக்கு இடும் கட்டின்மேல் மஸஹு செய்வதுபோல் இதன்மேலும் செய்யலாம். நிபந்தனைகளில் ஹனஃபீ, ஷாஃபிஈ மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு. உரியவர் என்னிடம் தனியே வந்து கேட்கட்டும். தராவீஹில் நீண்ட நேரம் நிற்க இயலாதவர் அமர்ந்து தொழலாம். மூலநோயால் துன்புற்ற இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நிற்க இயலாவிடில் அமர்ந்து தொழுமாறு நபி (ஸல்) அவர்கள் அனுமதி தந்தது நாம் அறிந்ததே. பள்ளியில் நாற்காலி வரிசை நீள்கிறதென்று முகம் சுளிப்போர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கடை நடத்தும் சகோதரர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் துணிக்கடைப் பெண்கள் உட்காரும் உரிமை கேட்டுப் போராடினர்; 2018இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டிலும் 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில், 2021இல் 22-ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. பணியாளர்கள் அனைவருக்கும் இருக்கை வைக்க வேண்டும். வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் அமர இடமளிக்க வேண்டும். வாடிக்கையாளர் வரும்போது பணியாள் உட்கார்ந்திருந்தால் மரியாதைக் குறைவு என்று சிலர் எண்ணுகின்றனர். வாடிக்கையாளர் அதைப் பொருட்படுத்துவதில்லை. முதலாளிக்குத்தான் மனம் ஒப்புவதில்லை. ஒரு ஸ்டூலின் விலை, பணியாளர் வாழ்நாள் முழுதும் வாங்கும் காலுறைகளின் விலையைவிடக் குறைவு.

வெளியே செல்ல இயலாத முதியவர்களுக்காக 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கி வைக்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இருக்கிறது. இயன்முறைச் சிகிச்சையும் வலி தணிக்கும் சிகிச்சையும் வீட்டுக்கே வரும். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். மருத்துவமனைக்குச் செல்வோர் ஆதார், குடும்ப அட்டை, இருந்தால் காப்பீட்டு அட்டை அல்லது ஈ.எஸ்.ஐ. அட்டை, இதுவரை உண்ட மாத்திரைகளின் சீட்டு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். துணைக்கு ஆளில்லாத தாய்மார்கள் செயலாளர் அவர்களிடம் முன்னதாகச் சொன்னால், கூடச் செல்ல ஒரு பெண்மணியை ஏற்பாடு செய்து தருவதாக அவர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

வஸ்ஸலாம்.