பதிவேடும் ஆசிரியரும்



கல்லூரி ஆசிரியர் என்றவுடன், கரும்பலகையின் முன் நின்று விரிவுரை நிகழ்த்தும் ஒருவரின் தோற்றமே நம்மில் பலர் மனத்தில் எழுகிறது. ஆனால் பல்கலைக்கழக மானியக் குழு 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட விதிமுறைகளோ, ஆசிரியரின் வேலை நேரத்தை வாரத்துக்கு 40 மணி என்று வரையறுத்து, அதில் உதவிப் பேராசிரியர் நேரடியாகப் பாடம் நடத்தும் நேரத்தை 16 மணி என்றே குறிக்கின்றன. எஞ்சிய நேரத்தில் பாடத்துக்கு ஆயத்தம் செய்துகொள்வதும், ஆராய்ச்சியும் ஒரு பங்கைப் பெற்றுக்கொள்ள, மற்றதை நிர்வாகம் என்ற பொதுப்பெயரால் வழங்கும் பலவகைக் காரியங்கள் எடுத்துக்கொள்கின்றன. வித்தைக்கும் நிர்வாகத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லி அக்காரியங்களிலிருந்து ஒதுங்க விரும்பும் ஆசிரியர்கள் உண்டு. அவர்களுடைய ஆதங்கம் எனக்கு விளங்குகிறது. அவர்களுடைய அபிப்பிராயத்தை நான் ஏற்கவில்லை.

வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொள்வோம். நம் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் விதிப்படி, 75 விழுக்காடு வருகை இல்லாத மாணவர் தாமாகவே தேர்வெழுதும் உரிமையைப் பெறுவதில்லை. குறைவு சிறிதாயின் தக்க காரணம் காட்டி, கட்டணமும் செலுத்தி, விலக்குக் கோர வேண்டும். பெரிதாயின் அந்தப் பருவமே வீணாகலாம். இரவு முழுதும் ஜவுளிக் கடையிலோ உணவு விடுதியிலோ உழைத்துவிட்டு, காலை முதல் மணிக்கு வர இயலாமல் நாள்தோறும் ஒரு வகுப்பை இழக்கும் மாணவன் இருக்கிறான். வீட்டில் திருமணப் பேச்சு எடுத்துவிட்டார்கள் என்பதை எவரிடமும் சொல்ல மாட்டாமல் மெல்ல மெல்ல வராது நின்றுவிடும் மாணவி இருக்கிறாள். இவர்களுடைய துன்பத்தை முதன்முதலில் வெளியிடுவது அந்தப் பதிவேட்டில் விழும் குறிதான். அதை அன்றன்றே பார்த்து, மூன்றாம் வாரத்திலேயே அம்மாணவனைத் தனியே அழைத்து விசாரிக்கும் ஆசிரியருக்கும், பருவ இறுதியில் கணக்கைக் கூட்டி, ஹால் டிக்கெட் கிடைக்காதவர்களின் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டும் ஆசிரியருக்கும் விதி ஒன்றே. விளைவில் உள்ள வித்தியாசமோ ஒரு குடும்பத்தின் வருங்காலத்தையே நிர்ணயிக்கக்கூடியது.

அக மதிப்பெண்ணும் அப்படிப்பட்டதே. ஒரு தாளுக்குரிய 100 மதிப்பெண்ணில் 25ஐ அகத் தேர்வுக்கும் 75ஐப் பருவத் தேர்வுக்கும் ஒதுக்குவது நம் கலை அறிவியல் கல்லூரிகளில் பெருவழக்காக உள்ளது. விடைத்தாளின் முகப்பைப் பிரித்தெடுத்து, எழுதியவர் பெயர் தெரியாதபடி மாற்றெண் இட்டுத் திருத்தும் பாதுகாப்பு பருவத் தேர்வுக்கு உண்டு. அகத் தேர்வுக்கு அது இல்லை. எதிரே அமர்ந்திருக்கும் மாணவனின் முகமும், அவன் முன்பொரு நாள் எதிர்த்துப் பேசியதும் நினைவில் இருக்கும்போதே ஆசிரியர் அவனுக்கு மதிப்பெண் இட வேண்டியிருக்கிறது. ஆகையால் திருத்திய தாளை மாணவர் கையில் கொடுத்து, அவர்கள் கேட்கும் சந்தேகத்துக்கு விடையளித்து, அதன் பின்னரே மதிப்பெண் பட்டியலை அனுப்புவது நியாயத்தின் குறைந்தபட்சம் என்று கருதுகிறேன்.

உதவித்தொகை விஷயத்தில் ஆசிரியரின் பொறுப்பு இன்னும் கனமாகிறது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயின்று உயர்கல்விக்கு வந்த மாணவியருக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5ஆம் நாள் தொடங்கியது. 2024இல் மாணவர்களுக்கென்று தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தது. சான்றிதழில் ஒரு தலைப்பெழுத்தும் வங்கிக் கணக்கில் வேறொரு தலைப்பெழுத்தும் இருந்தால்கூடப் பணம் தடைபடக்கூடும். அத்தகைய பிசகைக் கண்டுபிடித்து, எந்த அலுவலகத்துக்குச் சென்று எதைத் திருத்த வேண்டும் என்று முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த ஒரு பெண்ணுக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்லும் ஆசிரியரின் அரை மணி நேரத்தை எந்த மதிப்பீட்டுப் படிவமும் கணக்கில் கொள்வதில்லை.

விடுதிக் காப்பாளர் பதவி, 1969இல் பிறந்த நாட்டு நலப்பணித் திட்டம், தேர்தல் காலத்து வாக்குச்சாவடிப் பணி ஆகியவற்றையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும், விரிக்க நேரமில்லை.

இக்காரியங்களில் சில, ஆசிரியருக்குக் கிடைத்த அதிகாரத்தோடு சேர்ந்தே வந்தவை. கோத்தாரி கல்விக் குழு 1966இல் அளித்த அறிக்கையின் யோசனைப்படி, 1978இல் தமிழ்நாட்டுக் கல்லூரிகள் சில தன்னாட்சி பெற்றன. அதுவரை பாடத்திட்டம் வகுப்பதும், வினாத்தாள் அமைப்பதும், தேர்ச்சிப் பட்டியல் வெளியிடுவதும் பல்கலைக்கழகத்தின் காரியமாயிருக்க, கல்லூரி ஆசிரியர் கற்பிப்பதோடு நின்றார். தன்னாட்சி வந்ததும் பாடத்திட்டக் குழுவில் அமர்ந்து, வெளியிலிருந்து வந்த வல்லுநரோடு விவாதித்து, தாம் கற்பிப்பதைத் தாமே வகுக்கும் அதிகாரம் அவருக்குக் கிடைத்தது. அந்த அதிகாரத்தை விரும்புகிறவர், அதோடு பிணைந்து வந்த கூட்டக் குறிப்புகளையும் தேர்வு வேலைகளையும் சுமையென்று தள்ளுவது முறையன்று.

இவ்வளவும் சொன்ன பிறகு, ஆசிரியரின் மேல் அநாவசியமாக ஏற்றப்படுபவற்றையும் நான் மறைக்கலாகாது. 1994இல் நிறுவப்பட்ட நாக் என்னும் தேசிய மதிப்பீட்டு நிறுவனம், கல்லூரிகளின் தரத்தைச் சோதிக்கும் நல்ல நோக்கம் கொண்டது. ஆயினும் அதற்கென்று ஐந்தாண்டு விவரங்களைத் திரட்டுவதும், அகில இந்திய உயர்கல்வி ஆய்வுக்கும் தேசியத் தரவரிசைக்கும் ஏறக்குறைய அதே எண்ணிக்கைகளை வெவ்வேறு படிவங்களில் நிரப்புவதும், நடந்த ஒவ்வொரு கூட்டத்துக்கும் இடமும் நேரமும் பதிந்த புகைப்படத்தைச் சேமிப்பதும் எழுத்தர்கள் செய்யத்தக்க வேலைகள். எழுத்தர் பணியிடம் நிரப்பப்படாத கல்லூரியில் அவை துறையிலேயே இளையவரிடம், பெரும்பாலும் தொகுப்பூதியத்தில் உள்ள கௌரவ விரிவுரையாளரிடம், போய்ச் சேர்கின்றன. மறுக்கும் நிலையில் அவர் இல்லை.

நிர்வாகத்திலும் விரிவாக்கப் பணியிலும் ஈடுபட்டுள்ள பேராசிரியருக்கு வாரத்தில் 2 மணி நேரப் பாடச் சுமையைத் தளர்த்தலாம் என்று மானியக் குழுவின் 2010ஆம் ஆண்டு விதிமுறைகளிலேயே இடம் இருந்தது. அந்தச் சலுகை உயர்ந்த பதவிக்கென்று அமையாமல், உதவித்தொகைப் பட்டியலைச் சரிபார்ப்பவருக்கும் தேர்வுப் பிரிவில் மாலைவரை அமர்ந்திருப்பவருக்கும் உரியதாக வேண்டும். கல்வியாண்டின் தொடக்கத்திலேயே கல்லூரி முதல்வர் இப்பொறுப்புகளை எழுத்தில் பகிர்ந்தளித்து, அந்த 2 மணி நேரத்தைக் கால அட்டவணையிலேயே குறித்துத் தர வேண்டும்.