கலர் அடிக்கிற புத்தகத்துக்கு எதை வரைவது?

(மாலைநேரப் படிப்பு மையம் நடத்தும் தோழர்கள், மாணவர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை வாசிக்கத்தான் வழக்கமாக என்னைக் கூப்பிடுவீர்கள். இன்றைக்குக் கவிதை இல்லை. சேரிப் பிள்ளைகளுக்காக நாம் போடப் போகிற கலர் அடிக்கிற புத்தகத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 'இதென்ன சின்னப்புள்ள சமாச்சாரம்' என்று நினைக்காதீர்கள். மூன்று மாதமாக நாம் சண்டை போடுவது இதற்காகத்தான்.

கலர் டப்பாவில் இளஞ்சிவப்பில் ஒரு குச்சி இருக்கிறது. நம்ம பிள்ளைகள் அதைத் 'தோல் கலர்' என்கிறார்கள். யாரு தோலு? அமெரிக்காவில் கிரையோலா கம்பெனி, 'சதை' என்று பெயர் வைத்திருந்த குச்சிக்கு 1962இல் 'பீச்' என்று பெயர் மாற்றியது. நம்ம பிள்ளை இன்னமும் அதைக் கேட்டு வாங்கித் தன் அம்மா முகத்துக்கு அடிக்கிறது. ஆகவே எதை வரைந்து கொடுக்கிறோம் என்பது அரசியல்தான்.

தலைவர்கள் படம் போடலாம் என்றார்கள். கோடு தாண்டிக் கலர் போனால் தலைவர் முகத்தைக் கெடுத்துட்டியேன்னு நாமே பிள்ளையை அதட்டுவோம். பறை போடலாம் என்றார்கள். பறை நம் கலகக் குரல், எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒரு அம்மா கேட்டார்: "எம்மவன் கையில மறுபடியும் அதையேதான் குடுக்கப் போறீங்களா தம்பி?" பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்புறம் நான்தான் ஒரு சமரசம் சொன்னேன்: எல்லாத்திலும் ரெண்டு ரெண்டு பக்கம். பேங்க் குமாஸ்தா புத்தி, யாரையும் கவுண்டரில் இருந்து கோபமாக அனுப்பக் கூடாது. வரைந்து பார்த்தால் கடையில் தொங்குகிற புத்தகம் மாதிரியே கதம்பமாக இருந்தது. அதற்கு நாம் எதற்கு?

கடைசியில் தண்ணீர் என்று முடிவெடுத்தோம். சிறுவன் அம்பேத்கருக்குப் பள்ளிக்கூடத்தில் பியூன் வந்து ஊற்றினால்தான் தண்ணீர். பியூன் வராத நாளில் தாகம்தான். மகாடு நகராட்சி சவுதார் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிடுவதாக 1924இல் தீர்மானம் போட்டது. தீர்மானம் தாளில் இருந்தது, குளம் அவர்கள் கையில் இருந்தது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு நடந்துபோய் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். வழக்குப் போட்டார்கள். பம்பாய் உயர்நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 1937இல். ஒரு வாய்த் தண்ணிக்குப் பத்து வருஷம்! என் தாத்தா டீக்கடையில் தனக்கென்று வைத்த கிளாஸைக் குடித்துவிட்டுத் தானே கழுவி வைத்தவர். நம் வீடுகளில் இந்தக் கதை இல்லாத வீடு எது?

தலைப்பு எடுப்பது சுலபம், அதில் நிற்பதுதான் கஷ்டம். பதினாறு படம்: அடிபம்பு, குடம், பள்ளிக்கூடக் குழாய், கூரையில் ஒழுகும் மழை, மகாடு குளம்... ஒவ்வொரு படத்துக்கும் ஒரே கேள்வி: இதில் தண்ணீர் இருக்கிறதா? இல்லையென்றால் வெளியே. ஆசை ஆசையாக வரைந்த மயில் போனது. முன்னட்டைக்குள் வைத்திருந்த என் கவிதையும் போனது. வருத்தம்தான், ஆனால் போக வேண்டியதுதான்.

ஒரு படம் மட்டும் பாக்கி. புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது 2022 டிசம்பரில் தெரியவந்தது. அதைக் குழந்தைகளுக்கு வரைந்து கொடுக்கலாமா? வேண்டாம் என்கிறார்கள் பாதிப் பேர். என் கருத்தைச் சொல்கிறேன். தொட்டியை வரைவோம், அசிங்கத்தை வரைய வேண்டாம். தொட்டியையே விட்டுவிட்டால், நம் பிள்ளைகள் குடிக்கிற தண்ணீரைப் பற்றி நாமே பொய் சொன்னதாகும். "இது எந்த ஊரு தொட்டி?" என்று பிள்ளை கேட்டால், அதன் வயசுக்குத் தக்கபடி சொல்ல நாம் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். புத்தகத்தைக் கொடுத்துவிட்டு எழுந்து போகிற வேலை இல்லை இது.

நாலு பக்கம் ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்துப் பார்த்தோம். ஒரு பாப்பா ஆட்களுக்கெல்லாம் பழுப்பு அடித்தது, குடத்துக்கு மஞ்சள். தண்ணீரை அப்படியே விட்டிருந்தது. நீலம் அடிக்கலையான்னேன். "தண்ணிக்கு ஏது சார் கலரு?" என்றது.

வரையத் தெரிந்த தோழர்கள் கூட்டம் முடிந்ததும் இருங்கள். கோடு தடிமனாக வேண்டும். தாளில் ஒரு பக்கம் மட்டும் அச்சு, பின்பக்கம் ஊறக் கூடாது. முகங்களுக்குள் நிழல் போடாதீர்கள், பிள்ளைகளே அடித்துக்கொள்ளட்டும். தொட்டியைப் பற்றி இன்றே விவாதித்து முடிப்போம். தலைப்பை மட்டும் இனி மாற்ற வேண்டாம்.