பத்து ரியாலில் ஒரு நாள் உணவு: ராஸ் லஃபான் தமிழ்த் தொழிலாளரும் முழு உணவும்



கத்தாரின் வடகிழக்குக் கரையில், தோகாவிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் எழுந்தது ராஸ் லஃபான் தொழில் நகரம். 1971இல் கண்டறியப்பட்ட வடபுல எரிவளி வயலின் வளம் கரையேறும் இடம் இதுவே. 1996 திசம்பரில் முதல் திரவ எரிவளிக் கப்பல் இங்கிருந்து சப்பானை நோக்கிப் புறப்பட்டது. அந்தக் காலந்தொட்டு, குழாய் பொருத்துவோராகவும் பற்றவைப்போராகவும் சாரம் கட்டுவோராகவும் பொறியாளராகவும் தமிழர் பலர் இங்கே உழைத்துள்ளனர்.

இங்கு வேலை செய்தோர் அனைவரும் அறிந்த செய்தி ஒன்று உண்டு. கடலடியிலிருந்து வரும் எரிவளியை அப்படியே குளிர்வித்துத் திரவமாக்க இயலாது. கந்தகச் சேர்மங்கள், கரியமில வளி, ஈரம், பாதரசம் ஆகியவற்றை முதலில் நீக்கியாக வேண்டும். அங்கே தூய்மைப்படுத்துதல் இன்றியமையாதது. கோதுமை ஆலையிலும் இதே சொல்தான் வழங்குகிறது. ஆனால் அங்கே நீக்கப்படுவது அழுக்கு அன்று, தவிடும் முளையும். 100 கிலோ கோதுமையிலிருந்து ஏறத்தாழ 75 கிலோ வெள்ளை மாவு கிடைக்கிறது. நார்ச்சத்து, பி வகை உயிர்ச்சத்துகள், இரும்பு, மக்னீசியம் ஆகியவற்றின் பெரும்பகுதி எஞ்சிய 25 கிலோவோடு போய்விடுகிறது. அந்த 25 கிலோவில் பெரும்பகுதி மாட்டுத் தீவனமாகிறது. மாட்டுக்கு நல்ல காலம்!

வெள்ளை மாவில் சுட்ட குபூஸ்தான் வளைகுடாவில் தனியாக வாழும் ஆண்களின் முதன்மை உணவு. அதனுடன் பழப்பாகு அல்லது பாலாடைக்கட்டிப் பசை, கெட்டிப்பால் ஊற்றிய இனிப்பான கரக் தேநீர், நண்பகலில் ஒரு குளிர்பானம், இரவில் களைத்து வந்தபின் பொட்டல நூடுல்ஸ். இதைக் கண்டு "நாக்கை அடக்கத் தெரியாதவர்கள்" என்று குற்றம் சொல்வோர் அவர்களுடைய கடிகாரத்தைப் பார்த்ததில்லை. சூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை, காலை 10 மணி முதல் பிற்பகல் 3.30 வரை திறந்தவெளி வேலையைத் தடை செய்த 2021ஆம் ஆண்டு ஆணை, உயிர் காக்கும் நல்ல ஆணை. ஆயினும் அதன் விளைவாக, கோடையில் விடியுமுன்பே பேருந்து ஏற வேண்டியவர்கள் உண்டு. மூன்று மணிக்கு எழுபவர் எப்போது சமைப்பார்? முந்தைய இரவு சமைத்துத் தூக்கில் எடுத்துச் சென்ற சோறு அந்த வெக்கையில் நண்பகலுக்குள் புளித்துவிடும். பொட்டலம் கெடாது. பதனிட்ட உணவு இங்கே வென்றதற்குச் சுவையைவிட இதுவே பெரிய காரணம்.

அடுத்தது பணம். 2021 மார்ச்சு 20 அன்று நடைமுறைக்கு வந்த கத்தாரின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம், அடிப்படை ஊதியமாக 1000 ரியாலையும், நிறுவனம் உணவு வழங்காவிட்டால் உணவுப்படியாக மாதம் 300 ரியாலையும் வரையறுத்தது. நாளொன்றுக்குப் பத்து ரியால். அதிலும் மிச்சம் பிடித்து ஊருக்கு அனுப்புபவர்தாம் தமிழர். வட்டிக்குக் கடன் வாங்கி விமானம் ஏறியவர் வேறு என்ன செய்வார்?

ஆயினும் அந்த மிச்சம் உண்மையில் மிச்சம்தானா என்ற கேள்வி எழுகிறது. சென்னை மருத்துவர் மோகன் அவர்களின் நீரிழிவு ஆய்வு மையமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இணைந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023இல் வெளியானது. இந்தியாவில் நீரிழிவு உள்ளோர் 10 கோடிக்கு மேல் என்று அது கணக்கிட்டது. உயரத்தில் நின்று வேலை செய்பவருக்கும் பாரந்தூக்கி இயக்குபவருக்கும் மருத்துவத் தகுதி வேண்டும். கட்டுக்குள் நில்லாத சர்க்கரை அந்தத் தகுதியையே கேள்விக்கு உள்ளாக்கும். வேலை போனால் போவது ஒரு குடும்பத்தின் அடுப்பு.

இந்தச் சிக்கல் தமிழ் மண்ணுக்குப் புதியதன்று. நீலகிரி குன்னூரில் இராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் 1918இல் பெரிபெரி நோய் ஆய்வைத் தொடங்கினார். பின்னாளில் அது ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்தது. குன்னூரில் அவர் வெள்ளெலிகளைக் கூட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு வட்டாரத்து மக்களின் உணவைக் கொடுத்தார். முழுக் கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், முளைகட்டிய கடலை, பச்சைக் காய்கறி, எப்போதாவது இறைச்சி என்ற சீக்கியர் உணவை உண்ட எலிகள் மிகச் செழிப்பாக வளர்ந்தன. இன்னொரு கூட்டத்துக்கு இங்கிலாந்தின் ஏழைகள் உண்ட வெள்ளை ரொட்டி, செயற்கை வெண்ணெய், மலிவான பழப்பாகு, தகர டப்பா இறைச்சி, சர்க்கரை மிகுந்த தேநீர் ஆகியவை தரப்பட்டன. அவை வளர்ச்சி குன்றின. நுரையீரல் நோயும் குடல் நோயும் கண்டன. ஒன்றையொன்று கடித்துக் குதறின. அந்தப் பட்டியலை மீண்டும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். முகாம் அறையின் அலமாரியில் இருப்பதும் ஏறக்குறைய அதுதானே?

இங்கே மறைக்கக்கூடாத செய்தியும் ஒன்று உண்டு. வட்டார உணவுகளின் வரிசையில் கடைசியாக நின்றது மதராசி உணவு. தீட்டிய அரிசி மிகுந்து, பாலும் காய்கறியும் அருகிய உணவு அது. "பாட்டன் பூட்டன் உண்டதெல்லாம் அமுதம்" என்று மேடையில் முழங்குவது எளிது. குன்னூர் எலிகள் அதற்குச் சான்று தரவில்லை. ஆனால் தமிழர் வழக்கில் ஒன்று அறிவுக்கு உகந்ததாகவே இருந்தது. ஆலையில் தீட்டிய பச்சரிசி உண்ட வட ஆந்திரக் கரையோர மக்களைப் பெரிபெரி வாட்டியபோது, புழுங்கலரிசி உண்ட தமிழரை அது பெரிதும் தீண்டவில்லை. நெல்லை அவிக்கும்போது உமியடியில் உள்ள பி1 உயிர்ச்சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது.

ஆகவே பதனிடுதல் எல்லாமே பகையன்று. நெல் அவித்தலும், தயிர் உறைய வைத்தலும், பேரீச்சையை உலர்த்துவதும் பதனிடுதல்தான். பகையாவது, மாவும் எண்ணெயும் சர்க்கரையும் உப்பும் மணமூட்டியும் சேர்த்து ஆலையில் உருவாக்கப்படும் உணவு. 2019இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் கெவின் ஹாலும் குழுவினரும் 20 பேருக்கு இரண்டு வாரம் ஆலை உணவும் இரண்டு வாரம் முழு உணவும் கொடுத்துப் பார்த்தனர். தட்டில் வைத்த சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து ஆகியவற்றின் அளவு இரண்டிலும் ஒத்திருந்தது. வேண்டிய அளவு உண்ணலாம். ஆலை உணவு உண்ட நாள்களில் அவர்கள் நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாக உண்டனர். ஏறக்குறைய ஒரு கிலோ எடை கூடினர். மென்மையான உணவு வேகமாக உள்ளே போய்விடுகிறது. அரை மணி நேர உணவு இடைவேளையில் இது எவ்வளவு எளிது என்று சொல்லத் தேவையில்லை.

பத்து ரியாலுக்குள் எதை மாற்றலாம்? வெயிலில் கெடாத முழு உணவுகளிலிருந்து தொடங்குவதே நடைமுறைக்கு ஏற்றது. தோலோடு இருக்கும் வாழைப்பழம், ஆரஞ்சு, வறுகடலை, நிலக்கடலை, நாலைந்து பேரீச்சை ஆகியவை நண்பகல்வரை தாங்கும். பக்காலாவில் வெள்ளைக் குபூசுக்குப் பக்கத்திலேயே முழுக்கோதுமைக் குபூசும் கிடைப்பதுண்டு. நால்வர் சேர்ந்து தங்கும் அறையில், இரவே கொண்டைக்கடலையையோ பயறையோ ஊறவைப்பது ஒருவரின் முறையாக இருக்கட்டும். குக்கர் கால் மணி நேரத்தில் வேலையை முடித்துவிடும். மாலையில் குளிர்பானத்துக்கு மாற்றாக உப்பிட்ட லெபன் மோர். ஒரு 330 மில்லி குளிர்பானத்தில் ஏறத்தாழ 35 கிராம் சர்க்கரை இருக்கிறது. நாளுக்கு 25 கிராமுக்குள் நிறுத்துவது மேலும் நன்று என்பது உலக நலவாழ்வு அமைப்பின் 2015ஆம் ஆண்டுப் பரிந்துரை. கத்தார் அரசு 2019 சனவரியில் இப்பானங்களுக்கு 50 விழுக்காடு வரி விதித்ததும் இதனால்தான். விடுமுறை முடிந்து திரும்பும் பெட்டியில் முறுக்கும் மிக்சரும் இருக்கட்டும். அம்மா கட்டித் தருவதை யார் மறுப்பார்? ஒரு கிலோ கேழ்வரகு மாவும் உடன் வரட்டும்.

ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரை அல்லது ஊசி எடுப்போர் உணவைத் திடீரென மாற்றினால் சர்க்கரை அளவு தாழ்ந்து மயக்கம் வரலாம். சாரத்தின் மேல் அது உயிராபத்து. மருத்துவரிடம் கேட்டபின்பே மாற்ற வேண்டும்.

நிறுவன உணவகத்தில் உண்போருக்குத் தனி வழி இல்லை. அங்கே தட்டை முடிவு செய்வது ஒப்பந்தம். எத்தனை கிராம் இறைச்சி, எத்தனை குபூஸ் என்று எழுதப்படும் அந்த ஒப்பந்தத்தில் முழுக்கோதுமைக் குபூஸ், நாள்தோறும் பருப்பு அல்லது பயறு, ஒரு பச்சைக் காய்கறி, ஒரு பழம் என்ற நான்கு வரிகளைச் சேர்க்கக் கேட்கலாம். முகாம் நலக்குழுவில் இடம்பெற்றுள்ள தமிழர்கள் அடுத்த கூட்டத்தில் இதை எழுத்து வடிவில் கொடுக்க வேண்டும். மலையாளி, நேபாளி, வங்காளி நண்பர்களின் கையொப்பத்தையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். அவர்களும் அதே தட்டில்தான் உண்கின்றனர்.