பெருங்காய மோர் குடித்த இரண்டு மணி நேரம்
(நாக்பூர் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

நான் டாக்டர் இல்லை. பாங்கில் ரிடையர் ஆனவன். 2019-ல் ஒரு விடியற்காலை நெஞ்சை அழுத்திற்று, வியர்த்துக் கொட்டிற்று. "வாயுதான்" என்று நானே தீர்மானித்து, பெருங்காய மோர் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆத்துக்காரி பிடிவாதம் பிடித்திராவிட்டால் இன்று உங்கள் முன் நிற்க மாட்டேன்.

அடுத்த தவறு, பக்கத்து நர்ஸிங் ஹோமுக்குப் போனது. முதலில் அட்வான்ஸ் கட்டச் சொன்னார்கள். இ.சி.ஜி. எடுக்கவே அரை மணியாயிற்று. ஆஞ்சியோ வசதி இல்லை என்பதை அப்புறம்தான் சொன்னார்கள்!

பிற்பாடு கார்டியாலஜிஸ்ட் விளக்கினார்: வந்த 10 நிமிஷத்துக்குள் இ.சி.ஜி. எடுத்தாக வேண்டும். ரத்தக்குழாய் முழுக்க அடைத்திருந்தால் 90 நிமிஷத்துக்குள் பலூன் வைத்துத் திறப்பது உத்தமம். அதற்கு வழியில்லாத ஊரில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி. தாமதிக்கத் தாமதிக்க இதயத் தசை செத்துக்கொண்டே போகும். முதல் இ.சி.ஜி. நன்றாக இருந்தாலும் வீடு திரும்பக் கூடாது. ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையைச் சில மணி கழித்து மறுபடி செய்வார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கும், மாமிகளுக்கும், வலியே இல்லாமல் மூச்சிரைப்பு, வாந்தி என்றும் வரலாம்.

நம்மில் பலர் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கிறோம். 24 மணி நேரமும் காத் லாப் நடக்கும் ஆஸ்பத்திரி உங்கள் ஊரில் எது என்று நாளைக்கே விசாரித்து, டெலிபோன் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். ஸ்கூட்டரை நீங்களே ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். பல மாநிலங்களில் 108 ஆம்புலன்ஸ் வரும். நாக்பூருக்கான பட்டியல் காரியதரிசியிடம் இருக்கிறது. போகும்போது வாங்கிக்கொள்ளுங்கள்.