பழைய லெப்டொப்புக்கும் ஒரு கவ்வாத்து

(தோட்டத்துப் பெற்றோர், இளைஞர் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்துவிட்டுக் களைப்போடு வந்திருக்கிறீங்க. ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறோம்.

நம் லயங்களில் பல வீடுகளில் கைமாறி வாங்கிய லெப்டொப் ஒன்று இருக்கிறது. சாதாரண தரம், உயர்தரம் படிக்கிற பிள்ளைங்களுக்கு அதுதான் துணை. இப்போது பிள்ளைங்க வந்து, "விண்டோஸ் 10 முடிஞ்சு போச்சாம், புதுசு வேணும்" என்கிறாங்க. உடனே தீபாவளி அட்வான்ஸ், அடகுக் கடை என்று யோசனை போகிறது. அவசரப்படாதீங்க.

நடந்தது இதுதான். 2015 இல் வந்த விண்டோஸ் 10 க்கு, மைக்ரோசொஃப்ட் கம்பெனி வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது. அதற்காக லெப்டொப் நின்றுவிடாது. ஆனால் புதிய வைரசுகளுக்குக் கதவு திறந்து கிடக்கும். அதில் வங்கிக் கணக்குப் பார்க்கிறவங்க கட்டாயம் கவனிக்க வேண்டும்.

வயதான தேயிலை மரத்தை நாம் உடனே பிடுங்குவதில்லை. வேர் நல்லா இருந்தால் கவ்வாத்து வெட்டி விடுகிறோம், துளிர்க்கிறது. லெப்டொப்பும் அப்படித்தான். முதலில் வேரைப் பாருங்க.

செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் அபவுட் என்ற இடத்தைத் திறந்தால் புரொசசரின் பெயர் தெரியும். இன்டெல் ஐ5-7200யூ என்று இருந்தால் அது 7 ஆம் தலைமுறை. ஐ5-8250யூ என்றால் 8 ஆம் தலைமுறை. விண்டோஸ் 11 க்குப் பொதுவாக 8 ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். அதோடு 4 ஜிபி ரெம், 64 ஜிபி இடம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புப் பகுதியும் வேண்டும். இவை எல்லாம் இருந்து, உள்ளே இருப்பது முறையான விண்டோஸ் 10 என்றால், 11 க்கு இலவசமாகவே மாறலாம்.

தகுதி இல்லையா? "எப்படியாவது ஏத்தித் தாறோம்" என்பவரை நம்பிக் காசு கொடுக்காதீங்க. திருட்டுப் பிரதியோடு வைரசும் சேர்ந்து வரலாம். லினக்ஸ் மின்ட் என்ற பணிசெயல் முறைமை இருக்கிறது. அதற்கு ஒரு சதமும் இல்லை. 2 ஜிபி ரெம்மிலும் ஓடும், 4 ஜிபி இருந்தால் வசதி. அதன் 22 ஆம் பதிப்புக்கு 2029 வரை திருத்தங்கள் உண்டு. எழுத, கணக்குப் போட லிப்ரே ஒஃபிஸ் கூடவே வரும். சூம் வகுப்பும் பார்க்கலாம். ஆனால் விண்டோஸுக்கென்றே செய்த சில மென்பொருள்கள் அதில் ஓடாது. பிள்ளையின் பாடத்துக்கு என்ன தேவை என்று ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்க.

நல்ல விஷயம் என்னவென்றால், பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம். உள்ளே இருப்பதை அது அழிக்காது. வைஃபை, சத்தம், கெமரா எல்லாம் வேலை செய்தால் மட்டும் ஏற்றுங்க.

ஏற்றுவதற்கு முன் மூன்று காரியம். ஒன்று, படங்கள், பாடக் குறிப்புகள், பிறப்புச் சான்றிதழ் பிரதிகள் எல்லாவற்றையும் வேறொரு பென் டிரைவில் எடுத்து, திறந்து பாருங்க. ஏற்றுகிற பென் டிரைவில் வைக்கக் கூடாது, அது முழுக்க அழிக்கப்படும். இரண்டு, பாமினி எழுத்துருவையும் பிரதி எடுங்க. இல்லாவிட்டால் பழைய தமிழ்க் கடிதங்கள் ஆங்கில எழுத்தாகத்தான் தெரியும். மூன்று, பெட்டரி நிறைய சார்ஜ் இருக்கட்டும், வயரும் மாட்டியிருக்கட்டும். இடி மின்னல் நேரத்தில் தொடவே வேண்டாம். பாதியில் கரண்ட் போனால் லெப்டொப் திறக்காமல் போகலாம்.

இன்னும் மெதுவாக ஓடினால், பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி போட்டால் பெரிய வித்தியாசம் தெரியும். மதர்போர்ட் பழுதானது என்றால் மட்டும் அதில் காசைக் கொட்டாதீங்க.

இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். தெரிந்தவங்க ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் செய்து கொடுங்க. ஒரு பென் டிரைவ் ஒரு லயத்துக்கே போதும். கடன் இல்லாமல் நம் பிள்ளைங்க படிப்பு நடக்கட்டும்.